'நாளையில இருந்து வர வேணாம்!' - கம்பெனி கேட்டில் நிறுத்தினால் என்ன செய்யலாம்?

என் சித்தி ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருஷம் செக்கிங் வேலை பார்த்தார். தைத்து வரும் டி-ஷர்ட்டை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, பிசிறு வெட்டி, ஓட்டை இருந்தால் தனியே ஒதுக்கி வைக்கும் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, கணக்கில் ஏறாத ஓ.டி பற்றி சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறார். பேச்சு முற்றிவிட்டது. திங்கள்கிழமை காலை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து ஆபீஸுக்குள் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். "கையெழுத்து போட்டுட்டுப் போங்கம்மா, பாக்கி சம்பளம் அக்கவுன்ட்ல ஏறிடும்." இங்கிலீஷில் டைப் செய்த தாள். சித்தி கையெழுத்து போட்டுவிட்டார். அது ராஜினாமா கடிதம்.

இதை எங்களிடம் அவர் சொன்னதே பதினோரு மாசம் கழித்து, ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில். "கம்பெனி ரூல் அப்படின்னு சொன்னாங்க. நாம என்ன பண்ண முடியும்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு பதில் தேடித்தான் தொழிலாளர் வழக்குகளைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. இந்த வழக்குகள் கோர்ட்டில் பத்து, இருபது வருஷம் நடக்கின்றன. ஆனால், ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் முதல் சில நாள்களில் யார் கையில் என்ன பேப்பர் இருந்தது என்பதில்தான் இருக்கிறது.

கம்பெனி ரூல் என்றால் என்ன?

சூப்பர்வைசர் வாயால் சொல்வதெல்லாம் ரூல் ஆகிவிடாது. தொழிற்சாலை விதிகளுக்கு 'நிலையாணைகள்' என்று பெயர். இதற்கென்றே 1946-ல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. ஷிப்ட் எத்தனை மணிக்கு, லீவு எப்படிக் கேட்க வேண்டும், எதெல்லாம் ஒழுங்கீனம், அதற்கு என்ன தண்டனை என்று எல்லாவற்றையும் நிர்வாகம் எழுதி அரசு அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அவர் தொழிலாளர் தரப்பையும் கேட்டு, திருத்தி, சான்றளிப்பார். பிறகு, பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் கேட் பக்கம் பலகையில் ஒட்ட வேண்டும்.

அதாவது, அது தொழிலாளியும் படிக்க வேண்டிய பேப்பர். நம்மில் எத்தனை பேர் அந்தப் பலகை முன்னால் நின்றிருக்கிறோம்?

எழுதியிருப்பதை கோர்ட் எவ்வளவு கறாராகப் பார்க்கும் என்பதற்கு கிளாக்ஸோ மருந்து நிறுவனத்தின் வழக்கு உதாரணம். வேலை நிறுத்தச் சமயத்தில், வேலைக்குப் போனவர்களைத் தொழிற்சாலைக்கு வெளியே வைத்து மிரட்டினார்கள், தாக்கினார்கள் என்று சில தொழிலாளர்களை நிர்வாகம் நீக்கியது. தொழிற்சாலையிலும் அதன் அருகிலும் நடப்பதைப் பற்றித்தான் நிலையாணை பேசியது. எங்கோ தூரத்தில் நடந்ததை அதற்குள் இழுத்துப் பொருத்த முடியாது என்று 1983-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெளியே நடந்தது தப்பில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அதற்கு போலீஸும் கிரிமினல் கோர்ட்டும் இருக்கின்றன. விதியில் எழுதாத ஒன்றுக்கு நிர்வாகம் தண்டனை கொடுக்க முடியாது என்பதுதான் விஷயம்.

'அவங்களா நின்னுட்டாங்க!'

கேட்டில் நிறுத்திவிட்டு, பிறகு "அவங்களாகவே வேலைக்கு வரலை" என்று கணக்கு எழுதுவது ரொம்பப் பழைய வழக்கம். ஹரியானாவில் ஜே.எம்.ஏ இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனத்தில் 1980 டிசம்பரில் நடந்ததும் இதே தகராறுதான். எட்டு நாளுக்கு மேல் சொல்லாமல் லீவு எடுத்தால் வேலை தானாகவே போய்விடும் என்று அங்கே நிலையாணையிலேயே இருந்தது. அதைக் காட்டி ஒரு தொழிலாளியின் பெயரை நீக்கிவிட்டார்கள். அவரோ, "நான் தினமும் வந்தேன், கேட்டில் விடவில்லை" என்றார்.

1993-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. விதி எழுத்தில் இருந்தாலும், ஒருவரின் பிழைப்பைப் பறிக்கும் முன் அவர் பக்கத்தைக் கேட்டே ஆக வேண்டும். விசாரணை எதுவும் நடக்காததால் அந்த நீக்கம் செல்லாது. அவரை மறுபடியும் வேலையில் சேர்த்து, இடைப்பட்ட காலத்துக்கு பாதிச் சம்பளமும் தரச் சொன்னது.

பிழைப்பு என்பது அரசியலமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு சொல்லும் உயிர் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. தனியார் கம்பெனி கேட் வரைக்கும் அந்த உரிமை வந்து நிற்கிறது என்பதைப் படித்தபோது, சித்தி அன்றைக்கு வாட்ச்மேனிடம் கெஞ்சிக்கொண்டு நின்றதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

மெமோ வந்தால் பயப்பட வேண்டாம், பதில் எழுதுங்கள்

முறையாக நடக்கும் கம்பெனியில் வரிசை இப்படி இருக்கும். முதலில், என்ன தப்பு, எந்தத் தேதி, எத்தனை மணி என்று விவரமாக எழுதிய மெமோ. அதற்கு நீங்கள் தரும் விளக்கம். விளக்கம் திருப்தி இல்லை என்றால் என்கொயரி. அதில் நிர்வாகத் தரப்பு சாட்சியை நீங்கள் குறுக்குக் கேள்வி கேட்கலாம், உங்கள் சாட்சியையும் கூட்டி வரலாம். கடைசியில்தான் தண்டனை. இதில் ஒரு படி தாண்டிக் குதித்தாலும் நிர்வாகத்தின் வழக்கு ஆட்டம் காணும்.

நம் ஆட்கள் தடுக்கி விழுவது இரண்டாவது படியில். கோபத்தில் மெமோவை வாங்க மறுப்பது, வாங்கினாலும் பதில் எழுதாமல் விடுவது, என்கொயரிக்குப் போகாமல் இருப்பது... இது எல்லாமே "வாய்ப்பு கொடுத்தோம், அவர் வரவில்லை" என்று நிர்வாகம் எழுதிக்கொள்ள வசதியாகிவிடும்.

சஸ்பெண்ட் செய்தால் சம்பளமே கிடையாது என்று நினைப்பதும் தப்பு. தமிழ்நாட்டில் இதற்கென 1981-ல் தனிச் சட்டமே வந்தது. முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் 50 சதவிகிதம். அதற்கு மேல் 180 நாள் வரை 75 சதவிகிதம். அதையும் தாண்டினால் முழுச் சம்பளம். இதற்குப் பெயர் 'பிழைப்பூதியம்'.

இந்தப் பணம் ஏன் முக்கியம் என்பதை கோலார் தங்கவயல் வழக்கு சொல்கிறது. பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவரின் வீட்டில் தங்கம் கிடைத்ததாகச் சொல்லி 1985-ல் சஸ்பெண்ட் செய்தார்கள். பிழைப்பூதியம் தரவில்லை. அவர் கேரளத்துக்குப் போய்விட்டார். கோலாருக்குப் பயணம் செய்து விசாரணைக்கு வரக் கையில் காசில்லை. அவர் இல்லாமலே விசாரணை முடித்து வேலையை விட்டு நீக்கினார்கள். பிற்பாடு கிரிமினல் கோர்ட் அவரை விடுதலை செய்தது. 1999-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தது. பிழைப்பூதியம் தராமல், வர வழியில்லாதவரை வைத்து நடத்திய விசாரணை நியாயமான விசாரணை ஆகாது என்பது அதில் ஒரு முக்கியக் காரணம்.

தூங்கியவரும் திட்டியவரும்

தப்பு நிஜமாகவே நடந்திருந்தால்? அப்போதும், தப்புக்குத் தகுந்த தண்டனைதானா என்று பார்க்கும் அதிகாரம் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு உண்டு. 1971-ல் கொண்டுவந்த திருத்தம் இதைக் கொடுத்தது. ஆனால், அதன் எல்லை எங்கே என்பதை இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

டெல்டன் கேபிள் நிறுவனத்தில் ஒரு செக்யூரிட்டி இன்ஸ்பெக்டர் கெட்ட வார்த்தையில் திட்டினார் என்று வேலையை விட்டு நீக்கினார்கள். அவருக்கு எதிராக முன்பு எந்தப் புகாரும் இல்லை. நீக்கம் அளவுக்கு மீறிய தண்டனை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, அவரைத் திரும்ப வேலையில் சேர்க்க உத்தரவிட்டது.

அடுத்தவர் புனேயில், பாரத் ஃபோர்ஜ் தொழிற்சாலை ஹெல்பர். 1983 ஆகஸ்ட்டில் ஒருநாள் காலை 11.40 மணிக்கு, வேலை செய்யும் இடத்திலேயே ஓர் இரும்புத் தகட்டின் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வேலை போயிற்று. தொழிலாளர் நீதிமன்றம், "தூங்கினதுக்கு வேலையையே பறிப்பதா?" என்று அவர் பக்கம் நின்றது. நிர்வாகம் மேலே போனது. தீர்ப்புகள் மாறி மாறி வந்து, கடைசியில் 2005-ல் உச்ச நீதிமன்றம் நீக்கம் சரிதான் என்றது. ஒரு தூக்கத்துக்கு இருபத்தோரு வருஷ வழக்கு. அவர் தோற்றதற்கு முக்கியக் காரணம், அதற்கு முன்பும் மூன்று முறை அவர் மேல் குற்றம் நிரூபணமாகி, அது ஃபைலில் இருந்தது.

திட்டியவர் பிழைத்தார் என்பதால் யாரையும் திட்டலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே 2005-ல் மஹிந்திரா வழக்கில், மேலதிகாரியைக் கேவலமாகப் பேசிய ஒருவரின் நீக்கத்தை உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. கோர்ட் முதலில் புரட்டுவது பழைய ரெக்கார்டைத்தான். அதனால், 'சும்மா ஒரு வார்னிங் லெட்டர்தானே, கையெழுத்து போடு' என்று நீட்டும் தாளில், உடன்பாடு இல்லை என்றால் அதையும் சேர்த்து எழுதிக் கையெழுத்து போடுங்கள். ஐந்து வருஷம் கழித்து அந்தத் தாள் எழுந்து வரும்.

நாள் கணக்கு யார் சொல்வது?

தமிழ்நாட்டில் 1981-ல் வந்த இன்னொரு சட்டத்தின்படி, 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரத் தொழிலாளி ஆக்க வேண்டும். சில வகை நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. அதேபோல, ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு என்று அனுப்பினால் நோட்டீஸும் இழப்பீடும் தர வேண்டும் என்று தொழில் தகராறு சட்டம் சொன்னது.

ஆனால், 480 நாளோ 240 நாளோ, வேலை பார்த்தேன் என்று நிரூபிப்பது யார் பொறுப்பு? தொழிலாளியின் பொறுப்பு. கர்நாடகத்தில் வனத்துறையில் வேலை பார்த்த ஒருவர், 240 நாளுக்கு மேல் உழைத்ததாகத் தன் வாக்குமூலத்தை மட்டும் தந்தார். சம்பளச் சீட்டு இல்லை, வேறு ஆதாரம் இல்லை. 2002-ல் உச்ச நீதிமன்றம் அது போதாது என்றுவிட்டது.

அதே கர்நாடகத்தில் இன்னொரு தினக்கூலித் தொழிலாளி. அவரிடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வேலை பார்த்தார் என்று ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்த ஒரே ஒரு சான்றிதழ் இருந்தது. மஸ்டர் ரோல் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள் என்று கேட்டார். எதிர்த்தரப்பு கொண்டு வரவில்லை. அவர் ஜெயித்தார். இரண்டு பேரும் சாதாரணத் தொழிலாளிகள்தான். ஒருவர் வீட்டில் ஒரு தாள் பத்திரமாக இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓ.டி-க்கு இரட்டைச் சம்பளம்

சித்தியின் பிரச்னை ஆரம்பித்ததே இதில்தான். வாரம் 48 மணி நேரம், ஒரு நாளைக்கு 9 மணி நேரம். அதைத் தாண்டினால் ஒவ்வொரு மணிக்கும் இரண்டு மடங்கு சம்பளம். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் அடிப்படைக் கணக்காக இருந்தது இது.

கொரோனா சமயத்தில் குஜராத் அரசு இதில் கை வைத்தது. 2020 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்கலாம், கூடுதல் நேரத்துக்கு சாதாரண சம்பளமே போதும் என்று அறிவிப்பு வெளியிட்டது. தொழிற்சங்கங்கள் உச்ச நீதிமன்றம் போயின. 2020 அக்டோபர் 1-ம் தேதி அந்த அறிவிப்பு ரத்தானது. அதை நம்பி வேலை வாங்கியவர்கள் இரட்டிப்பு சம்பளக் கணக்கில் பாக்கியைத் தர வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. பெருந்தொற்றின் சுமையைத் தொழிலாளி தலையில் மட்டும் இறக்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

நம் ஊரிலும் 12 மணி நேரப் பேச்சு வந்தது ஞாபகம் இருக்கலாம். 2023 ஏப்ரல் 21-ம் தேதி சட்டமன்றத்தில் திருத்த மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று முதல்வர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

பெண்களின் நைட் ஷிப்ட்டும் கோர்ட் வழியாக வந்ததுதான். மாலை 7 முதல் காலை 6 வரை பெண்களைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்ற பிரிவை 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கூடவே, போக்குவரத்து வசதி, குறைந்தது பத்துப் பெண்கள் சேர்ந்த குழு, ஷிப்ட் மாறும்போது 12 மணி நேர இடைவெளி என்று நிபந்தனைகளும் போட்டது. 'நைட் ஷிப்ட்டுக்கு கோர்ட்டே அனுமதி கொடுத்திருக்கு' என்று சொல்பவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

2025 நவம்பர் 21-ம் தேதி முதல், பழைய 29 மத்தியச் சட்டங்களுக்குப் பதில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. தொழிலாளிக்கு நேரடியாகத் தொடர்புள்ளவை இவை:

* வேலையில் சேரும் எல்லோருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும்.
* ஓ.டி-க்கு இரட்டைச் சம்பளம் தொடர்கிறது.
* நைட் ஷிப்ட்டுக்குப் பெண்ணின் சம்மதமும், பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும்.
* நீக்கினாலும், நீங்களாக விலகினாலும், சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும்.
* நிலையாணைகள் இனி 300 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் மட்டும் கட்டாயம். முன்பு இது 100 பேர்.

கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். 150 பேர் வேலை பார்க்கும் ஒரு பனியன் கம்பெனி, அரசு அதிகாரி பார்த்து ஒப்புக்கொண்ட விதிகளை வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் பெரிதாகப் பேசும். அதனால், அதைக் கேட்டு வாங்குங்கள், யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

1. படிக்காத தாளில் கையெழுத்து வேண்டாம். வெள்ளைத் தாளில் வேண்டவே வேண்டாம். மிரட்டி வாங்கிவிட்டார்கள் என்றால், அன்றைக்கோ மறுநாளோ, 'விருப்பமில்லாமல் கையெழுத்திட்டேன், வேலையை விடவில்லை' என்று பதிவுத் தபால் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எத்தனை நாளில் மறுப்பு தெரிவித்தீர்கள் என்பதை கோர்ட் பார்க்கும்.

2. கேட்டில் நிறுத்தினால், 'இந்தத் தேதி, இத்தனை மணிக்கு வந்தேன், விடவில்லை, வேலைக்குத் தயாராக இருக்கிறேன்' என்று அதே போலத் தபால். ஒரு நகலைத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்.

3. சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ கார்டு, பேங்க் பாஸ்புக், பி.எஃப் பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரே கவரில் வையுங்கள். பி.எஃப் பாஸ்புக்கில் மாசா மாசம் ஏறிய பணம்தான் நீங்கள் வேலை பார்த்ததற்கு எளிதான சாட்சி. ஓ.டி நேரத்தை ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டுக் குறித்து வாருங்கள்.

4. மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் துறை சமரச அதிகாரியிடம் மனு கொடுங்கள். வக்கீல் இல்லாமலே கொடுக்கலாம். அங்கே முடியவில்லை என்றால்தான் நீதிமன்றம் அல்லது தீர்ப்பாயம். இதற்குக் காலக்கெடு உண்டு. பழைய சட்டத்தில் மூன்று வருஷமாக இருந்தது, புதியதில் இரண்டாகக் குறைந்திருக்கிறது. தள்ளிப் போடாதீர்கள்.

5. வக்கீலுக்குப் பணம் இல்லை என்று விட்டுவிட வேண்டாம். பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் இலவச சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டு சட்டம் உரிமை தருகிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

சரி, சித்தி கதை என்ன ஆச்சு?

பதினோரு மாசம் கழித்து சமரச அதிகாரி முன்னால் போய் நின்றோம். கம்பெனி தரப்பில் வந்தவர் அதிகம் பேசவில்லை. அந்த ராஜினாமா கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "இது உங்க கையெழுத்துதானே?" என்று சித்தியைக் கேட்டார்கள். "ஆமாங்க" என்றார். பதினோரு மாசமாக அதை மறுத்து ஒரு வரி எழுதியதில்லை. ஓ.டி கணக்குக்கும் எங்களிடம் எந்தத் தாளும் இல்லை.

அந்த அதிகாரிதான், "கிராஜுவிட்டி வாங்கிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். ஐந்து வருஷம் முடித்தவர் ராஜினாமாவே செய்தாலும் அது உண்டு, 30 நாளுக்குள் தந்திருக்க வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 10,400 ரூபாய். அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 6,000. ஆறு வருஷத்துக்கு 36,000 ரூபாய். அதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

சித்தி இப்போது வேறு கம்பெனியில், அதே செக்கிங் வேலையில் இருக்கிறார். போன மாசம் அங்கே ஏதோ ஒரு தாளில் எல்லோரிடமும் கையெழுத்து கேட்டிருக்கிறார்கள். "வீட்ல காட்டிட்டு நாளைக்குப் போட்டுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டு, போனில் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். இ.எஸ்.ஐ விவரம் புதுப்பிக்கும் படிவம். ஒன்றும் பிரச்னை இல்லை, போடலாம் என்று சொன்னேன். மறுநாள் போட்டுக் கொடுத்திருக்கிறார்.